நானூற்றுப் பன்னிரண்டு படங்களும் நான் திறக்காத ஃபோல்டரும்

ஒரு படத்தின் பெயருக்குப் பின்னால், புள்ளிக்கு அடுத்து இருக்கும் மூன்று எழுத்தை மாற்றிவிட்டால் படமே மாறிவிடும் என்று நான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பிவிட்டுச் சும்மா இருந்திருந்தாலும் பரவாயில்லை. கடலூர், சிதம்பரம் வட்டாரத்துப் போட்டோகிராபர்கள் அத்தனை பேருக்கும் சொல்லிக் கொடுத்தேன். "தொறக்கலியா? ரீநேம் பண்ணு. பின்னாடி ஜேபிஜின்னு போடு. வேல முடிஞ்சுது." பெயர்ப் பலகையை மாற்றினால் இட்லிக் கடை நகைக்கடை ஆகிவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கம்ப்யூட்டருக்குள் மட்டும் அப்படி நடக்கும் என்று நினைத்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. போன மாதம் எங்கள் போட்டோகிராபர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "புதுக் கேமரால எடுத்த படம் கஸ்டமர் போன்ல தொறக்க மாட்டேங்குது, என்னண்ணே செய்றது?" அடுத்த நிமிஷமே ஏழு பேர் பதில் போட்டார்கள். ஏழும் ஒரே பதில். ரீநேம் பண்ணு. அதில் ஒருவர், "இது நம்ம லேப் டாக்டர் சொன்ன வழி" என்று என் பெயரையும் சேர்த்து, கும்பிடும் கை இரண்டு போட்டிருந்தார். வேலையை விட்டு வந்து ஒரு வருஷம் ஆகியும் நான் கொடுத்த மாத்திரையை ஊரில் இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். கொடுத்தவனே திரும்ப வாங்கிக்கொள்வதுதான் முறை.

திருப்பாப்புலியூரில் ஒரு கலர் லேப்பில் முப்பது வருஷத்துக்கும் மேல் கவுண்டரில் இருந்தேன். சேர்ந்தபோது ஃபிலிம் ரோல். அதை வாங்கி, உறையில் பெயர் எழுதி, உள்ளே கொடுப்பேன். பிறகு சிடி வந்தது, மெமரி கார்டு வந்தது, பென் டிரைவ் வந்தது. வருவது மாறியதே தவிர, கவுண்டர் மேஜையில் என் இரண்டு முழங்கை பட்டுத் தேய்ந்த இடம் மாறவில்லை. கடைசியில் கண்ணில் புரை வந்து, வெள்ளையெல்லாம் எனக்கு மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்தது. நான் அதைச் சரிசெய்கிறேன் என்று வரிசையாக நாலு கல்யாணப் பெண்களை நீலமாக்கிவிட்டேன். ஐம்பத்து நாலு வயதில் மரியாதையாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் வைத்தியத்துக்கு ஓர் ஆதாரமும் இருந்தது. எங்கள் பழைய பிரிண்டிங் மெஷினுக்கு ஜேபிஜி என்று மூன்று எழுத்தில் முடிந்தால்தான் படம். புவனகிரியிலிருந்து வந்த ஒருவரின் படங்கள் ஜேபிஇஜி என்று நாலு எழுத்தில் முடிந்திருந்தன. மெஷின் வாங்க மறுத்தது. எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, நான் போய் நடுவிலிருந்த ஒரு எழுத்தை எடுத்துவிட்டேன். மெஷின் மடமடவென்று பிரிண்ட் போட்டது. இரண்டும் ஒரே ஜாதிப் படம், பெயரை நீட்டி எழுதினால் என்ன, சுருக்கி எழுதினால் என்ன என்பது எனக்குத் தெரியாது. நான் ஏதோ அறுவை சிகிச்சை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு விழுந்த பெயர்தான் 'டாக்டர்'.

எங்கள் லேப்பை நடத்தியவர் மாணிக்கம் சார். முதலாளி சென்னையில், இங்கே எல்லாம் சார்தான். குரல் உயர்த்தி ஒருநாளும் பேசியதில்லை. வெள்ளை அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் பூதக் கண்ணாடி. நல்ல மனநிலையில் இருந்தால், "என்னாய்யா, வாய்யா, போய்யா" என்பார். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். "வாங்க. உக்காருங்க. சாப்டீங்களா?" என்று அவர் கேட்டால், கேட்கப்பட்டவன் அன்றைக்குச் சாப்பிட மாட்டான். ஒரு தடவை மெஷினில் தண்ணீர் ஊற்ற மறந்த ஆபரேட்டரிடம், "நீங்க ரொம்ப அசதியா இருக்கீங்க போலருக்கு, ஒரு சோடா சொல்லட்டுங்களா?" என்றார். அந்த ஆள் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை.

கவுண்டருக்கு அவர் வைத்த முறை இது. பென் டிரைவ் வந்ததும் யாருடையது, என்ன விசேஷம் என்று உறையில் எழுத வேண்டும். படங்களை நம் கம்ப்யூட்டருக்கு எடுக்க வேண்டும். அங்கே எத்தனை, இங்கே எத்தனை என்று எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும். பிறகு முதல் படம், நடுவில் ஒன்று, கடைசிப் படம், இந்த மூன்றையும் திறந்து பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் உறையில் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்து. "கையெழுத்து போட்டாச்சுன்னா அது உன் வூட்டுப் புள்ள" என்பார் சார். வந்த படத்தில் எது செய்வதாக இருந்தாலும் ஒரு நகல் எடுத்து நகலில்தான் செய்ய வேண்டும், வந்ததைத் தொடக்கூடாது என்பது இன்னொன்று.

மூன்று படம் திறந்து பார்க்கும் முறையின் அருமை எனக்கு மேல்பட்டாம்பாக்கத்து செல்வம் மூலம் ஒருதடவை தெரிந்திருக்க வேண்டியது. செல்வம் நல்ல போட்டோகிராபர். புதுக் கேமரா வாங்கிய ஜோரில், கேமரா பிடித்ததை அப்படியே பச்சையாகச் சேமித்து வைக்கும் 'ரா' வகைப் படங்களையே மாப்பிள்ளையின் போனுக்கு அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை போனில் திறந்தால் தபால் தலை அளவுக்கு ஒரு படம் தெரிந்தது. பெரிதாக்கினால் பெண்ணின் முகம் தரையில் ஒட்டும் டைல்ஸ் மாதிரி கட்டம் கட்டமாக இருந்தது. "இவ்ளோ பெரிய கேமரா வெச்சிருக்கியே, எம் போன்ல எடுத்ததே இதவிட நல்லாருக்கு" என்று மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். உள்ளே முழுப் படம் பத்திரமாகத்தான் இருந்தது. அடையாளத்துக்கு கேமரா ஒட்டிவைக்கும் சின்னப் படத்தை மட்டும் அந்தப் போன் எடுத்துக் காட்டியிருக்கிறது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஜெயந்தி. நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? ரீநேம் பண்ணச் சொன்னேன்.

ஜெயந்தி எங்கள் ஆல்பம் டிசைனர். சிதம்பரத்தில் தெற்கு வீதியை ஒட்டி வீடு, தினமும் பஸ்ஸில் வந்து போவாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், என்னைவிடப் பதினைந்து மடங்கு விவரம். எனக்கு அவள் வைத்த மரியாதை எல்லாம் 'அண்ணே' என்ற ஒரு வார்த்தையோடு சரி. அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

லால்பேட்டையிலிருந்து ஜாகிர் வருவான். போட்டோகிராபர். எனக்கும் அவனுக்கும் இருபது வருஷப் பழக்கம், மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அங்கே பல குடும்பங்களில் கல்யாணம் என்றால் ஆண்கள் பக்கம் தனி, பெண்கள் பக்கம் தனி. ஆண்கள் பக்கத்தை ஜாகிர் கேமராவில் எடுப்பான். பெண்கள் பக்கத்துக்கு அவனும் போக மாட்டான். அங்கே வீட்டுப் பெண்களே யாராவது போனில் எடுப்பார்கள். அந்தப் படங்களும் ஆல்பத்தில் வர வேண்டும், ஆனால் ஆண்கள் யாரும் பார்க்கக் கூடாது. மாணிக்கம் சார் அதற்கு ஒரு வழி செய்திருந்தார். பென் டிரைவில் அந்தப் படங்கள் 'உள்பக்கம்' என்ற ஃபோல்டரில் வரும். ஜெயந்தி மட்டும்தான் திறப்பாள். பிரிண்ட் வெளியே வரும்போதும் அவளே எடுத்துக் கவிழ்த்து வைத்துக் கட்டுவாள். லேப்பில் ஓர் ஆண் அந்த ஃபோல்டரைத் திறந்ததாக ஒரு பேச்சு வந்தால் போதும், அந்தப் பக்கத்து வேலை மொத்தமும் நின்றுவிடும். அதைவிட, சார் கொடுத்த வாக்குப் போய்விடும்.

ஆக, உள்பக்கத்துக்கு மட்டும் முதல், நடு, கடைசி பார்ப்பது ஜெயந்தியின் வேலை. அவள் பார்த்துத் தலையாட்டினால் நான் கையெழுத்துப் போடுவேன். அவள் இல்லாத நாளில் வந்தால், உறையைக் கையெழுத்து இல்லாமல் எடுத்துவைக்க வேண்டும். இது எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனால் ஒரு மனிதனுக்குத் தானாகத் தோன்ற வேண்டியது.

ஆனித் தேருக்கு ஜெயந்தி இரண்டு நாள் லீவு. அதில் முதல் நாள், புதன்கிழமை, ஜாகிர் வந்தான்.

"மச்சான், ஞாயித்துக்கெழம பொண்ணு துபாய்க்கு ஃபிளைட்டு ஏறுது. ஆல்பம் கூடவே போவணும். பொண்ணோட உம்மா கண்டிசனா சொல்லிட்டாங்க. அங்க போயி மாமியா வூட்டு சொந்தத்துக்கெல்லாம் காட்டணுமாம்."

"சனிக்கெழம சாயந்தரம் உங் கையில இருக்கும். போதுமா?"

ஆண்கள் பக்கத்துப் படங்களை எடுத்தேன். மூன்று திறந்து பார்த்தேன். ஜாகிரின் கைவண்ணம், சுத்தம். பிறகு உள்பக்கம். பெண்ணின் சாச்சி, அதாவது உம்மா என்று அவர்கள் சொல்லும் அம்மாவின் தங்கை, குவைத்திலிருந்து கல்யாணத்துக்கு வந்தவர், புத்தம் புதுப் போனில் எடுத்தது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. அந்தப் பக்கத்தில் வேறு யாரும் எடுக்கவில்லை. சாச்சி போனில்தான் தெளிவாக வரும் என்று மற்றவர்கள் தங்கள் போனை உள்ளேயே வைத்துவிட்டார்களாம். ஜாகிரும் கேபிள் போட்டு, திறந்து பார்க்காமல், அப்படியே பென் டிரைவில் எடுத்து வந்திருந்தான். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சின்னப் படம்கூடத் தெரியாதபடி வெறும் பெயர்ப் பட்டியலாக வைத்து எடுத்தேன். அங்கே நானூற்றுப் பன்னிரண்டு, இங்கே நானூற்றுப் பன்னிரண்டு. பெயர்களின் வால் வழக்கமான ஜேபிஜியாக இல்லாமல் ஹெச்இஐசி என்று இருந்ததைக் கவனித்தேன். குவைத்துப் போன், குவைத்து வால் என்று விட்டுவிட்டேன்.

"கவுண்டு சரியா இருக்கா? சாச்சிக்கு போன் ஃபுல்லாயிடுச்சாம். இன்னிக்கு மாப்புள வூட்டுல வலிமா விருந்து, வீடியோ எடுக்கணும், அழிச்சிக்கலாமான்னு கேக்குறாங்க" என்றான் ஜாகிர்.

"அழிச்சிக்கச் சொல்லு மச்சான். அதான் நம்மகிட்ட வந்துருச்சுல்ல" என்றேன். சொல்லிக்கொண்டே உறையில் கையெழுத்துப் போட்டேன். பேனாவைக் கண்டுபிடித்தவன் பிறகு என் கையில் கிடைத்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

வியாழக்கிழமை காலை எனக்கு உதவி செய்யும் ஆசை வந்தது. என் வாழ்க்கையில் நடந்த விபரீதங்கள் பெரும்பாலும் இந்த ஆசையில் ஆரம்பித்தவைதான். ஜெயந்தி வெள்ளிக்கிழமை காலை வந்ததும் உட்கார்ந்து டிசைன் செய்ய வசதியாக, படங்களை ஆல்பம் அளவுக்குக் கம்ப்யூட்டரையே மாற்றிவைக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்கு யாரும் படத்தைப் பார்க்க வேண்டாம். பட்டனை அழுத்தினால் அதுபாட்டுக்குச் செய்யும். அழுத்தினேன். முதல் படத்தைத் திறக்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வந்தது. சரி என்று தட்டினேன். இரண்டாவது படத்துக்கும் அதே பெட்டி. தட்டினேன். சுமார் அறுபது தடவை தட்டிய பிறகுதான் இது ஒன்றிரண்டு படத்துச் சமாசாரம் இல்லை என்று என் மண்டையில் ஏறியது.

டாக்டர் என்ன செய்தார்? நகல் எடுக்காமல், இருந்த ஒரே ஃபோல்டரில், நானூற்றுப் பன்னிரண்டு பெயர்களின் வாலையும் ஒரே கட்டளையில் ஜேபிஜி என்று மாற்றினார். மறுபடி பட்டனை அழுத்தினார்.

இந்தத் தடவை பெட்டியில் வேறு வாசகம். செல்லாத ஜேபிஜி என்று போட்டிருந்தது. முதலில் 'எனக்குப் புரியவில்லை' என்று சொன்ன கம்ப்யூட்டர், நான் கை வைத்த பிறகு 'இது செல்லாது' என்கிறது. அரை நிமிஷத்துக்கு முன்னால் வரை உயிரோடு இருந்த ஒரு கல்யாணத்தை நானே கொன்றுவிட்டேன் என்று அங்கேயே முடிவுக்கு வந்துவிட்டேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஜாகிருக்குப் போன் போட்டேன். சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"மச்சான், அந்த பென் டிரைவு இருக்குல்ல?"

"இருக்கே."

"அதுல அந்தப் படமெல்லாம்..."

"அத நேத்தே ஃபார்மேட் பண்ணிட்டேனே. புவனகிரியில ஒரு காதுகுத்து. ஏன்?"

"சும்மாதான். சாச்சி போன்ல?"

"நீதான அழிக்கச் சொன்ன. அழிச்சிட்டாங்க. அழிச்சது போயி ஒக்காருற குப்பத்தொட்டி ஒண்ணு இருக்காமே, அதையும் சேத்து அழிச்சாத்தான் எடம் வந்துச்சாம். ஏன் மச்சான், கொரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"ஃபேன் காத்து."

"சாச்சி ஒரே சந்தோசம். பொண்ணு மருதாணி போட்டு ஒக்காந்திருக்கிற படம் ஒண்ணு பெரிசா போடச் சொன்னாங்க. அவுங்க உம்மா அத நெனச்சி நெனச்சி அழுவுறாங்களாம், நல்லா வந்துருக்குன்னு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மாணிக்கம் சார். "என்னாய்யா டாக்டர், மூஞ்சி வேர்த்து ஊத்துது?"

"வயிறு சார்."

"மோர் வாங்கிக் குடிய்யா. காலைல என்னா தின்ன?" என்று அக்கறையாகக் கேட்டார். ய்யா போட்டுத்தான் கேட்டார். அந்த ய்யா இன்னும் எத்தனை மணி நேரத்துக்கு என்று நினைக்கும்போதே எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரி போகிறேன் என்று சொல்லி, அந்த ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மஞ்சக்குப்பத்தில் அழிந்துபோன படங்களை மீட்டுத் தரும் கடை ஒன்று இருந்தது. நடத்தியவர் பெயர் பாபு. ஒல்லியான ஆள், பேசும்போதும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். பென் டிரைவைச் சொருகினார்.

"இதுல எதுவும் டெலிட் ஆவலியே சார். நானூத்திப் பன்னெண்டும் இருக்கு. ஒவ்வொண்ணும் நல்ல வெயிட்டாத்தான் இருக்கு. என்னத்த ரெக்கவரி பண்றது?"

"இருக்குது. ஆனா உசிரு இல்ல."

"ஒண்ண தொறந்து பாத்தாத்தான தெரியும்" என்று மவுஸைக் கொண்டுபோனார். நான் பாய்ந்து மானிட்டரை இரண்டு உள்ளங்கையாலும் மூடினேன்.

"தொறக்கக் கூடாது!"

"ஏன் சார்?"

"ஆம்பளைங்க பாக்கக் கூடாத படம்."

பாபு முதன்முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் சொன்னது எப்படிக் காதில் விழுந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அய்யய்யோ, அந்த மாதிரி இல்லீங்க. கல்யாணப் படம். குடும்பத்துப் பொம்பளைங்க" என்று லேப், லால்பேட்டை, வாக்கு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். கடையில் காத்திருந்த இரண்டு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்கள்.

"அப்போ எங் கண்ணக் கட்டிக்கிட்டு வைத்தியம் பாக்கச் சொல்றீங்க" என்றார் பாபு.

"முடியுமா?"

"சார், உங்க லேப்புல பாக்கலாம்னு ஒரு ஆளு இருக்காங்கல்ல? அவுங்ககிட்ட போங்க சார்."

ஊரில் மூளை உள்ளவர்கள் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது எனக்குக் கடைசியில், அதுவும் இன்னொருவர் வாயால்தான் வரும். சிதம்பரம் பஸ் ஏறினேன். ஜெயந்திக்கு வழியெல்லாம் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆலப்பாக்கம் தாண்டும்போது மாணிக்கம் சாரிடம் என்ன சொல்வது என்று மூன்று விதமாக யோசித்தேன். புதுச்சத்திரத்தில், பெண்ணின் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். அதற்கு ஒரு விதம்கூடக் கிடைக்கவில்லை. மகளின் மருதாணிப் படத்தை நினைத்துத்தான் அழுதுகொண்டிருக்கிறார். அந்தப் படமே இல்லை என்றால் என்ன செய்வார்? அந்த இடத்தில் மட்டும் எனக்கு வேடிக்கை எதுவும் தோன்றவில்லை.

தேர் நாளில் சிதம்பரத்துக்குள் பஸ் எங்கே போவது? தூரத்திலேயே இறக்கிவிட்டார்கள். கூட்டத்தில் நீந்தினேன். தேர் மேல வீதியில் நின்றுகொண்டிருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன், ஆனால் சாமியிடம் நான் கேட்டது ஜேபிஜி. ஜெயந்தி வீட்டு வாசலில் அண்டாவில் நீர்மோர் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வழக்கமான சிரிப்பு.

"வாங்கண்ணே, தேருக்கா? மோர் குடிங்க."

"இன்னிக்கி எல்லாரும் மோரே குடுக்குறீங்க. ஜெயந்தி, நா ஒரு கொல பண்ணிட்டேன்மா."

அண்டாப் பக்கம் நின்ற நாலைந்து பேர் டம்ளரை வைத்தார்கள். அவள் என்னைத் தனியாக இழுத்துப் போனாள். சொன்னேன். ஹெச்இஐசி என்றதும் அவள் முகத்தில் இருந்த பதற்றம் போய்விட்டது. ரீநேம் என்றதும் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

"வால மட்டுந்தான மாத்துனீங்க? உள்ள எதையும் சேவ் பண்ணலயே?"

"தொறக்கவே இல்லியேம்மா, எங்க சேவ் பண்றது!"

"ஒரு நாள் லீவு போட்டா ஒரு கல்யாணத்தையே காலி பண்ணிடுவீங்க போலருக்கே" என்று பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். தேருக்குப் பெங்களூரிலிருந்து அவள் நாத்தனார் வந்திருந்தாள். சாச்சியிடம் இருந்த அதே வகைப் போன் அவளிடமும் இருந்தது. பென் டிரைவைப் போனில் சொருகும் சின்ன இணைப்பும் வைத்திருந்தாளாம்.

"நீங்க அங்கியே சுவரப் பாத்து நில்லுங்க" என்று உள்ளேயிருந்து உத்தரவு வந்தது.

நின்றேன். வீதியில் தேர் பார்க்க வந்த ஜனம் முழுக்க ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் எதிர்ப் பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சத்தமே இல்லை. சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடங்களை எண்ண ஆரம்பித்தேன். பதினொன்றோ பன்னிரண்டோ எண்ணியிருப்பேன்.

"அய்ய, என்னா அழகு இந்தப் பொண்ணு!" என்று நாத்தனாரின் குரல் கேட்டது.

"அந்த மருதாணியப் பாரேன்" என்றாள் ஜெயந்தி. "அந்த ஜிமிக்கி! ஏய், அடுத்தது தள்ளு, அடுத்தது தள்ளு."

நான் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டேன். பின்னால் யாரோ, "பெரியவரே, மயக்கமா?" என்றார். இல்லை என்று கையை மட்டும் ஆட்டினேன்.

கால் மணி நேரம் கழித்து ஜெயந்தி வெளியே வந்தாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணே. மொத, நடு, கடேசி பாத்துட்டேன். அப்பறம் நல்லா இருந்துச்சா, எல்லாத்தையும் பாத்துட்டோம். எடம் கொஞ்சமாப் பிடிக்கணும்னு புதுப் போனுங்க இப்படி வேற வகையில படத்த வெக்குது. நம்ம கம்ப்யூட்டரு பழசு, அதுக்கு இது புரியாது. இந்தப் போனு வாலப் பாக்காம, உள்ள இருக்கறதப் பாத்துத் தொறந்துடுச்சு. நாளைக்கி வந்து ஜேபிஜியா மாத்தி எடுத்துக்கறேன். வால மாத்தறது இல்ல, நெசமா மாத்தறது. அதுவரைக்கும் நீங்க அந்த ஃபோல்டர் பக்கமே போவாதீங்க."

மாணிக்கம் சாரிடம் வெள்ளிக்கிழமை காலை நானே போய்ச் சொன்னேன். கையெழுத்து, அழிக்கச் சொன்னது, நகல் எடுக்காதது, வயிறு என்று பொய் சொன்னது, எதையும் விடவில்லை. முழுக்கக் கேட்டார். பூதக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

"வாங்க. உக்காருங்க" என்றார். "இப்போ வயிறு எப்படி இருக்குங்க?"

அரை மணி நேரம் அந்த நாற்காலியில் இருந்தேன். அவர் ஒரு அட்டையை எடுத்து, கேமராவா போனா, என்ன வால், திறந்து பார்த்தது யார் என்று மூன்று கேள்வியைத் தன் கையாலேயே நிதானமாக எழுதி, கவுண்டரில் என் முகத்துக்கு நேரே ஒட்டினார். ஒரு வாரம் முழுக்க எனக்கு 'ங்க' போட்டார். எட்டாம் நாள், "என்னாய்யா டாக்டர்" என்றபோதுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஆகவே குழுவில் கேட்ட தம்பிக்கு: ரீநேம் செய்யாதீர்கள். எந்த வகைப் படம் என்று முதலில் பாருங்கள். அதைத் திறக்கத் தெரிந்த கருவியில் திறந்து, ஜேபிஜியாக ஒரு நகல் எடுத்து அனுப்புங்கள். கஸ்டமர் திறந்து பார்த்துவிட்டேன் என்று சொல்லும்வரை உங்களிடம் இருப்பதை அழிக்காதீர்கள்.

நடந்தது இவ்வளவுதான். நானூற்றுப் பன்னிரண்டு படங்களில் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. புதன்கிழமை வந்தபோது உள்ளே எப்படி இருந்தனவோ, கடைசிவரை அப்படியேதான் இருந்தன. ஜெயந்தி வெள்ளிக்கிழமை டிசைன் முடித்தாள். சனிக்கிழமை சாயந்தரம் ஜாகிர் ஆல்பத்தை வாங்கிப் போனான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் அதை எடுத்துக்கொண்டு துபாய்க்குப் போனாள்.